மழுங்கியது கத்தியல்ல

ஆஸ்டின் டவுன், பெங்களூர்,
28-10-1958, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஞானசௌந்தரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். 19ஆம் தேதி நீ எழுதிய முழங்கால் வலி தணிந்ததா?

நேற்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு சச்சரவு. நீ கலங்க வேண்டாம். நான் மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் பதித்த ஊமத்தை மொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த புது லெக்சரர், மாணவர்கள் முன்னிலையில், "என்ன பெரியவரே, செல்லெல்லாம் கிழிஞ்சு கெடக்குது? மழுங்கிப் போனது கத்தியா, கண்ணா?" என்றார்.

அவை டபீட்டம் செல்கள். மகரந்தத்தைச் சூழ்ந்திருந்து ஊட்டி வளர்த்துவிட்டுத் தாமே கரைந்து போகிறவை. எம்.எஸ்ஸி. படித்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இம்மாதம் 6, 8, 10 ஆகிய தேதிகளில் ஒரே செடியில் பறித்து, அதே கத்தியால் சீவிய மொட்டுகளை வரிசையாகக் காட்டினேன். முதலாவதில் அந்தச் செல் அடுக்கு முழுமையாக இருந்தது, இரண்டாவதில் தளர்ந்திருந்தது, மூன்றாவதில்தான் சிதைவு.

"கத்தி கிழித்திருந்தால் மூன்றையும் கிழித்திருக்குமே, ஐயா?" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 31-12-1958இல் முடியும் என் வேலையை இன்னும் ஓராண்டு நீட்டிக்கக் கேட்டிருக்கும் வேளையில், எல்லார் காதிலும் விழும்படி இப்படி ஒரு சொல். என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நான் போட மறுத்துப் பீரோவில் வைத்த தடித்த மூக்குக் கண்ணாடியை உடனே அனுப்பு. நேற்று தகட்டில் ஒட்டிய தேதிச் சீட்டில் நானே எழுதிய 6ஐ முதலில் 8 என்று படித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

உன்,
வேதமாணிக்கம்.