ஆய்வகத்தில் சொன்ன "சுத்தம்"

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன், இங்கே நானும் உன் சித்தியும் சுகம், என் இடது முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் எண்ணெய் ஆலையில் புதிதாக ஒரு ஆய்வகம் திறந்திருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரே குளிர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும், மூடின டின்னுக்கு வெளியே நின்றே எந்த எண்ணெய், எந்த மாதம் பிழிந்தது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட மூக்குக்கே தட்டுப்படாததை அங்கே வேலை செய்கிற பெண் கண்டுபிடிக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்.

போன வாரம் ஒரு லாரி எண்ணெய், குழந்தைகளுக்குப் பால்மாவு செய்கிற கம்பெனிக்குப் போக வேண்டியது. வாசம் போக ஆவி விட்டுக் காய்ச்சுவது என் வேலை, குழந்தைக்குப் போகிறதே என்று வழக்கத்தைவிடச் சூடு கூட்டி, தண்ணீரோ என்று சந்தேகப்படும்படி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு சொட்டைச் சுண்டுவிரல் அளவுக் குப்பியில் போட்டு இயந்திரத்துக்கு அனுப்பினாள். அது சொட்டைப் பிரித்து மேய்ந்து திரையில் மலை மலையாகக் கோடு போட்டது. அவள் ஒரு மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "சுத்தம்" என்றாள். பின்னே, யார் காய்ச்சின எண்ணெய். நேரே போய் லாரிக்காரனிடம் "சுத்தமாம், கிளப்புப்பா" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாராட்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ அண்ணே, வெளங்கின மாதிரிதான்னு சொல்ற சுத்தம் அது. நீங்க கூட்டின சூட்டுலதான் இந்தக் கெடுதல் பொறந்திருக்கு. இவ்வளவு இருந்தா கைக்குழந்தைக்குக் குடுக்கவே கூடாது" என்றாள். அதற்குக் கிளி என்று தொடங்குகிற ஒரு பெயர், மீதி என் வாயில் நிற்கவில்லை. நிறம் கிடையாது, வாசம் கிடையாது, ருசி கிடையாது, ஆனால் இருக்கிறது.

குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதாக நீ போனில் சொன்னது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அவ்வளவு பெரிய லாரியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். லாரிக்காரன் வேறு மாதிரி சொல்வான், அவன் இன்னும் டீயே குடித்து முடிக்கவில்லையாம், "நிக்கிற வண்டிய எதுக்குண்ணே தள்ளுறீங்க" என்று கேட்டானாம், அதையெல்லாம் நம்பாதே. எண்ணெயை இறக்கி, வெளுக்கிற மண்ணோடு கலந்து வடிகட்டி, அவள் சொன்ன சூட்டுக்கு மேல் போகாமல் மறுபடி காய்ச்சினோம். இந்தத் தடவை லேசாக மஞ்சள் நின்றது, எனக்கு மனசே ஆறவில்லை. அவள் இன்னொரு சொட்டை அனுப்பிவிட்டு "வந்து பாருங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மலை நின்ற இடம் பாய் விரித்தாற்போல் தட்டையாகக் கிடந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தை அவ்வளவு நேரம் நான் ஆயுசில் பார்த்ததில்லை மகளே.

சமைக்கும்போது எண்ணெயைப் புகைய விடாதே, மாப்பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல், குட்டிக்குப் பல் முளைத்ததும் போட்டோ அனுப்ப மறக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், சித்தியும் அதையே சொல்லச் சொல்கிறாள். லாரி நேற்றுப் போய்விட்டது. யார் வீட்டிலோ ஒரு குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும், அதற்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம்.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த
சித்தப்பா