மிச்சம் வைத்த மருந்து

அன்பு மருமகள் பட்டுவுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். உன் அம்மாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மருந்தை வாங்கி வருவது இப்போது என் பொறுப்பு. லேசாக நினைத்துவிடாதே. ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஓர் இரும்பு அலமாரி. இரண்டு பூட்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு சாவியோடு வந்து நின்றால்தான் திறக்கும். மந்திரியே வந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆனால் நான் போனால் மருந்துக்காரம்மா எழுந்தே நின்றுவிடுகிறார். அவருக்கு இடுப்புவலி, உட்கார முடியாது என்கிறாள் உன் அம்மா. பொறாமை.

பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள். போன வாரம் கொடுத்தபோது மருந்துக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதி மருந்து அப்படியே கிடந்தது. இது காலியாகியிருக்கணுமே சார், மிச்சம் வெளியில போனா கம்பி எண்ணணும் தெரியுமா என்றார். நான் எண்ணாத கம்பியா என்று கெத்தாகச் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். புது பாட்டில் மறுபடி அலமாரிக்குள் போய்விட்டது. வீட்டில் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள் என்று பெரிய டாக்டர் அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். ஏன்க்கா என் மானத்த வாங்குற, மருந்தக் குடிக்க என்ன கேடு என்று கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்கால மருந்து குடிச்சா நாக்கு குழறுதுடா, பேசும்போதே கண்ணு சொருகுது, புள்ள போன் பண்ணுவா, அவகிட்ட நல்லா பேசணும்ல என்றாள்.

அப்படியானால் உன்னைக் காலையில் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். அப்ப காலை மருந்த விட்டுடுறேன் என்கிறாள்! வாய் யாருக்கு? என் அக்கா அல்லவா.

உனக்கு வேலை, தினமும் கூப்பிட முடியாது. எனக்குத் தெரியும், தாயி. ஆனால் அவள் தினமும் குடிக்காமல்தான் காத்திருக்கிறாள். நீ கூப்பிட்டால் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளே, அப்போது போர்வையை முறுக்கிப் பிடித்திருக்கும் கையை நான் பார்க்கிறேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புது பாட்டில் வாங்கிவிட்டேன். என் பேச்சுத் திறமையில் அவர் கண் கலங்கிவிட்டார். ஆனால் இரட்டைப் பூட்டையே திறக்க வைத்த உன் மாமனால், அவளை ஒரு மூடி மருந்து குடிக்க வைக்க முடியவில்லை.

உன்னை வரச்சொல்லி எழுதினால் என்னோடு பேசமாட்டாளாம். பேசாமல் போகட்டும். நீ வா. வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார். ஒன்றும் பேசவேண்டாம். நீ பக்கத்தில் இருந்தால், அவள் மருந்தைக் குடித்துவிட்டுத் தூங்குவாள்.

நீ நல்லா இருக்கணும், தாயி. சீக்கிரம் வா.

உன் மாமன்