பழைய காருக்கு இரண்டு கம்பிகள்

மார்ச் 4

வாலுவின் அம்மாவுக்கு,

நலம்தானே? குழந்தைக்கு இருமல் நின்றதா? நீ அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது என்று நினைத்தால் அது உன் நினைப்பு.

மலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கு உன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அக்கா சொன்னார்கள். வாலுவையும் ஏற்றிக்கொண்டு உன் பழைய காரிலேயே போகிறாயாமே. சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தகர டப்பாவைக் கார் என்று சொல்வதே பெருந்தன்மை. வேகத்தடையில் ஏறினால் டேஷ்போர்டு ஒரு பாட்டுப் பாடும், பின்கதவு ஒரு பாட்டுப் பாடும். வளைவில் திருப்பினால் முன்பக்கம் போய்விடும், பின்பக்கம் யோசித்துவிட்டு வரும். கொண்டை ஊசி வளைவுகளில் அது என்ன செய்யும் என்று யோசித்தாயா? நீ எங்கே யோசித்தாய்.

போவது என்று பிடிவாதமாக இருந்தால் இதையாவது செய். அந்த மாடலுக்குச் சேஸி என்று அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, தகர உடம்புதான் சேஸி. வயதானால் அது தளர்ந்து முறுக்கிக்கொள்ளும். இரண்டு கம்பி பூட்டினால் இறுகிவிடும். ஒன்று பானெட்டுக்குள், இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் பூட்டியிருக்கும் மேடுகளைச் சேர்த்துப் பிடிக்கும். இன்னொன்று அடியில், முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக வரும். இரண்டையும் பட்டறையில் செய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வரைபடமும் உள்ளே இருக்கிறது. ஆபீசில் பாலத்துக்கு எப்படி வரைகிறேனோ அப்படியே வரைந்திருக்கிறேன். அதில் இல்லாத எதையும் செய்யாதே. உன் மெக்கானிக்கைப் பக்கத்தில் சேர்க்காதே. அவனுக்குத் தெரிந்தது ஹாரன் மாற்றுவது மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் துருவைப் பார். துருப்பிடித்த தகரத்தில் பூட்டினால் கம்பி நிற்கும், தகரம் கிழியும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 10

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதமும் இரும்பும் வந்தன. தபால்காரர் அந்தப் பார்சலைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு மாடிக்கு ஏறி, மூச்சு வாங்கி, தண்ணீர் கேட்டார். இருமல் எப்போதோ நின்றுவிட்டது. நீங்கள் விசாரிக்கும் வேகத்துக்கு அது காத்திருக்குமா?

என் காரைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை? உங்கள் புதுக் காரில் சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பிஸ்கட் தின்றால் குழந்தையை இறக்கிவிடுவீர்கள். அதற்கு எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சு எவ்வளவோ தேவலை. என் காரில் வாலு காலை மடக்கி உட்கார்ந்து, பாட்டுப் பாடி, தூங்கியும் விடுகிறாள்.

இருந்தாலும் துருவைப் பார்த்தேன். நாள் முழுக்க எலும்பில் விரிசல் தேடுகிறவளுக்கு இது பெரிய வித்தையா? அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடத்தில் பொலபொலவென்று கொட்டியது. வெட்டி எடுத்து வேறு தகரம் வைத்து வெல்டிங் செய்தாயிற்று. மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் உங்கள் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "வயசான வண்டிக்கு எதுக்குக்கா இந்த அலங்காரம்?" என்று சிரித்தார். திமிரில் நீங்களும் அவரும் அண்ணன் தம்பி. நானே பூட்டிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கார் மலைக்குப் போகக் கூடாது என்கிறீர்களா, நாங்கள் போகக் கூடாது என்கிறீர்களா? நாங்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். மலை வேலைக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 14

வாலுவின் அம்மாவுக்கு,

வெல்டிங் செய்த இடத்தில் பிரைமர் அடித்தாயா? அடித்திருக்க மாட்டாய். அடி. இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே மறுபடி துரு ஏறும். போல்ட்டுக்கு அடியில் வாஷர் போட மறக்காதே. பார்சலில் இருக்கிறது, குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே.

மற்றதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் வேலை, உன் முடிவு. என்றைக்கு என்னைக் கேட்டுச் செய்தாய்?

சமையலறைப் பல்பு போய்விட்டது. கூடத்து வெளிச்சத்திலேயே காபி போட்டுக்கொள்கிறேன். மாற்ற நேரமில்லை, வேறு ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 20

வாலுவின் அப்பாவுக்கு,

பிரைமர் அடித்தேன். வாஷரும் போட்டேன். உங்கள் வரைபடத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறமாதிரி படித்து, வரி பிசகாமல் செய்தேன். ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வை என்றிருந்தது. வைத்தேன். அடிக்கம்பியை மாட்டி முழுக்க முறுக்கு என்றிருந்தது. கை கன்றிப்போகும்வரை முறுக்கினேன். பிறகு பானெட்டுக்குள் மற்றதை மாட்டி முறுக்கு என்றிருந்தது. அதையும் முறுக்கினேன். காரைக் கீழே இறக்கினால் டிரைவர் பக்கக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்ளும் கதவு அது. இப்போது இடுப்பால் இடிக்கிறேன்.

பாலம் வரைகிறவராம். அந்தப் பாலத்தில் போகிறவர்கள் பாவம். இருந்த காரையும் கோணலாக்கிக் கொடுத்துவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு காலை கிளம்புகிறோம். மனசு மாறினால் கிளம்புவதற்கு முதல் நாள், சனிக்கிழமை மாலைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் கைக்கு வருகிறமாதிரி எழுதுங்கள். இதற்கு மேல் எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நான்


மார்ச் 24

வாலுவின் அம்மாவுக்கு,

அடிப்பாவி, ஜாக்கியில் நிற்கும்போதேவா முறுக்கினாய்? ஒரு மூலையைத் தூக்கினால் உடம்பு முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். அந்தக் கோணலையும் சேர்த்துப் பூட்டிவிட்டாய்!

எல்லாப் போல்ட்டையும் தளர்த்து. கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் பலகை வைத்துக் காரை ஏற்றி நிறுத்து, அடியில் கை போக இடம் கிடைக்கும். உள்ளே உட்கார்ந்து நன்றாகக் குலுக்கிவிட்டு இறங்கு. தன் எடையில் தானாகப் படிந்துவிடும். அப்புறம் முறுக்கு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி.

வரைபடத்தில் இல்லையே என்று கொடி பிடிக்காதே. இதைக்கூடவா ஒருத்தன் எழுதுவான்? எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபார். வாலுவைப் பின்சீட்டில் உட்கார வை.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 5

வாலுவின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது, துணி காயவே மாட்டேன் என்கிறது. வாலுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம்தான் வந்தது. எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போகாதே என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பெட்டிகளைக்கூட நான் கட்டவில்லை. உறையைப் பிரித்தால் முழுக்கப் போல்ட்டு. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் போல்ட்டு.

வாலு பக்கத்தில் வந்து, "அப்பா என்னம்மா எழுதியிருக்காரு?" என்றாள்.

"கதவு எப்படிச் சாத்துறதுன்னு எழுதியிருக்காரு" என்றேன்.

தெரிந்த விஷயத்தையெல்லாம் எழுத முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாதுங்க. ஜாக்கியும் தெரியாது, மற்றதும் தெரியாது. இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அத்தனை வருஷமும் நீங்கள் பாட்டுக்கு இருந்தீர்கள். உங்களுக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்பதே தெரியாமல் நான் அந்த வீட்டில் சோறு வடித்தேன். கெட்டிக்காரர், உலகத்தில் எல்லோரையும் முட்டாள் என்பீர்கள். ஒரு பெண்டாட்டியிடம் ஒரு வரி சொல்லத் தெரியாதவரை என்னவென்று சொல்வது?

அந்தச் சாயங்காலமே போல்ட்டுகளைத் தளர்த்தி, நீங்கள் எழுதியபடி மறுபடி முறுக்கினேன். கதவு சரியாகிவிட்டது. வளைவுகளிலெல்லாம் கார் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறியது, ஒரு சத்தமில்லை. அதில் உங்களைக் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

இனிமேல் காரைப் பற்றி எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். வேறு ஏதாவது எழுத வந்தால் வாலுவுக்கு எழுதுங்கள். அவளாவது கேட்காமல் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா