சொந்தக் காரணம்

மார்ச் 4, செவ்வாய்

என் அறைக் கதவில் புதுப் பலகை மாட்டிவிட்டார்கள். ‘பணியாளர் பிரிவு’ போய் ‘மனிதவள வியூகம்’. உள்ளே அதே லீவு சீட்டுகள், அதே ஆடும் நாற்காலி. இந்தப் பைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வருகைப் பதிவு பார்த்தவள், இனி நிர்வாகக் கூட்டத்தில் உட்கார வேண்டுமாம்.

வீட்டில் சொன்னதற்கு அவர், “வியூகமா? எந்த ஊர் மேல படையெடுக்கப் போற?” என்றார். சிரிப்பு வந்தது. என்ன வேலை என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் கூட்டம். இயக்குநர் கேட்டது ஒன்றுதான்: “ஒரு வருஷத்துல தையல் பிரிவிலேர்ந்து நாப்பத்தாறு பேர் போயிருக்காங்க. ஏன்? திங்கக்கிழமை சொல்லுங்க.”

மார்ச் 8, சனி

விலகல் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் ஒரே காரணம்: ‘சொந்தக் காரணம்’. எல்லாம் என் கையெழுத்து.

போகிறவள் மனசில் இருப்பதை எழுதினால், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது வம்பு. அதனால் அந்தக் கட்டத்தை நானே நிரப்பிவிடுவேன். “நல்லபடியா இரும்மா” என்று அனுப்புவேன். உதவி என்றுதான் நினைத்தேன். உதவிதானே?

மார்ச் 10, திங்கள்

படிவங்களில் இருந்ததை அப்படியே கூட்டத்தில் வைத்தேன். இயக்குநர் தாளைத் தட்டினார். “பாருங்க, எல்லாம் வீட்டுப் பிரச்சினை. அடுத்த மாசத்திலேர்ந்து சின்னக் குழந்தை இருக்கற பொம்பளைங்கள வேலைக்கு எடுக்க வேண்டாம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல வேலை என்று என்னைப் பாராட்டினார்கள். நான் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இங்கே சேர்ந்தபோது என் மகளுக்கு ஒன்பது மாதம்.

மார்ச் 11, செவ்வாய்

உண்மை எனக்குத் தெரியாதா என்ன? தையல் மேற்பார்வையாளர் கழிப்பறைக்கு டோக்கன் வைத்திருக்கிறார். ஷிஃப்டுக்கு ஆளுக்கு இரண்டு. மூன்றாவது தடவை என்றால் எல்லார் முன்னாலும் நின்று கேட்க வேண்டும். விலகிப் போனவர்கள் என் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லித்தான் அழுதார்கள். தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன்.

அய்யோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்! நான் யார் பக்கம்? கம்பெனி பக்கமா, இவர்கள் பக்கமா? மதில்மேல் பூனைகூட ஒரு நாள் ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

மார்ச் 13, வியாழன்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன்.

“அப்ப இத்தனை படிவமும் பொய்யா? நீங்க சொல்றதுக்கு எழுத்துல என்ன இருக்கு?”

ஒன்றும் இல்லை. இருக்க விடாமல் செய்ததே நான்தானே.

“மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா நான் சொன்னதுதான். நீங்க இந்தக் கூட்டத்துல உக்கார்றதையும் யோசிக்கணும்.”

மார்ச் 18, செவ்வாய்

விலகிப் போனவர்களில் பதினேழு பேருக்குப் போன் செய்தேன். பாதிப் பேர் எடுக்கவே இல்லை; மற்றவர்கள் விஷயத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பேசினாள் – எல்லோரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் பெண். “அப்ப நான் சொன்னேன், நீங்க எழுதல. இப்ப நீங்க கேக்கறீங்க, நான் எழுத மாட்டேன். சரியாப் போச்சாக்கா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் வலித்தது.

மார்ச் 19, புதன்

வீட்டில் அவரிடம் புலம்பினேன். “பதினெட்டு வருஷமா எல்லாருக்கும் நல்லவளா இருந்துட்ட” என்றார். பாராட்டா, திட்டா?

மார்ச் 27, வியாழன்

ஜிப் தைக்கும் பெண் விலகல் கடிதத்தோடு வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். படிவத்தை எடுத்தேன். பழக்கதோஷம், பேனா தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது. நிறுத்தி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

“நீயே எழுதும்மா.”

“நெஜமாவா?”

வெகுநேரம் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கமும். டோக்கன், மேற்பார்வையாளர், வயிற்றோடு எல்லார் முன்னாலும் நின்றது. கடைசி வரி: ‘ஆபீஸ் அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்.’

“இது இருக்கட்டுமாக்கா?”

“இருக்கட்டும்.”

மார்ச் 31, திங்கள்

கூட்டத்தில் அவள் எழுதியது முழுவதையும் வாசித்தேன், கடைசி வரி உட்பட. இந்தத் தடவை யாரும் பாராட்டவில்லை. “அந்தச் சின்னக் குழந்தை உத்தரவ நிறுத்தி வைங்க. டோக்கனும் வேண்டாம்” என்று மட்டும் சொன்னார் இயக்குநர், என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த கூட்டத்துக்கு நான் வர வேண்டுமா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் மேற்பார்வையாளர் டோக்கன் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் டொம்மென்று வைத்துவிட்டுப் போனார்.

ஜிப் தைக்கும் பெண்ணின் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் போகத்தான் வேண்டுமா என்று நாளை அவளைக் கேட்டுக்கொண்டு போடலாம்.