விரிந்த முன்சக்கரம்

செவ்வாய்க் கோள், தெற்குப் பள்ளத்தின் அடி. மாலை 3:10
வண்டி மெக்கானிக் இசக்கிமுத்து எழுதுவது. பம்பு பார்க்க வந்தேன். பம்புக்கு ஒன்றுமில்லை, கொட்டகைதான் என் கால்மேல் சரிந்தது. வானொலியில் அனுப்பும் பகுதி நசுங்கிவிட்டது. கேட்கலாம், பேச முடியாது. இப்படி ஒரு கணவன்தான் வேண்டும் என்று என் மனைவி வேண்டியிருப்பாள். ஆக்சிஜன் ஆறு மணி வரை வரும். என் பதில் வராததால் முகாமிலிருந்து ஜெசிந்தா சிலிண்டர்களோடு கிளம்பிவிட்டாள், வானொலியில் கேட்டேன். பாறை ஆராய்பவள், தூத்துக்குடிக்காரி.

3:55
"இசக்கியண்ணே, நீங்க கேட்டுட்டுதான் இருப்பீங்க. ஒரு கல்லுல இடிச்சுட்டேன். வண்டி நேரா போக மாட்டேங்கு. எடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம்னு அலையுது."

சக்கரத்தைத் திருப்பும் கம்பி வளைந்திருக்கும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையைப் பார்க்காமல் வெளிப்பக்கம் விரிந்துவிட்டன. ஸ்டியரிங் எப்படி நிலைக்கும்? மெதுவாக வா, தாயே. யாரிடம் சொல்கிறேன்!

4:40
"மேடு ஏறுறேண்ணே. இப்ப நூல் புடிச்ச மாதிரி போகுது. தானா சரியாயிட்டு!"

சரியாகவில்லை. ஏறும்போது மோட்டார் சக்கரங்களை முன்னால் இழுக்கிறது, அந்த இழுப்பில் விரிவு மறைகிறது. விளிம்பு தாண்டி இறங்கும்போது பிரேக் பின்னால் இழுக்கும். சக்கரம் இன்னும் விரியும். இந்தச் செங்குத்தில் வண்டி குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும்.

வழி இருக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்பக்கமாக இறங்க வேண்டும். அப்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கும், பிரேக்கும் அந்த முன்பக்கமே இழுக்கும், சக்கரம் குவிந்தே நிற்கும். இவ்வளவுதான் விஷயம். ஊமை கண்ட கனவாக என்னிடமே கிடக்கிறது. பயமாக இருக்கிறது, எனக்காக அல்ல.

5:05
விளிம்பில் வண்டி தெரிகிறது. நில் என்று சொல்ல டார்ச்சை அணைத்து அணைத்து எரித்தேன்.

"பாத்துட்டேண்ணே, பாத்துட்டேன்! உயிரோடதான் இருக்கீங்க! இந்தா வாரேன்."

பாவி, வராதே.

5:07
இனி ஒன்றுதான் மிச்சம். நான் செத்துவிட்டேன் என்று நினைத்தால் திரும்பிப் போவாள். வந்த பக்கம் சரிவு குறைவு, பிழைத்துக்கொள்வாள். டார்ச்சை அணைத்துவிட்டேன்.

5:08
"அண்ணே? வெளக்கு ஏன் அணைஞ்சுட்டு? காத்து தீந்துட்டா? மயங்கிராதீங்கண்ணே. வேகமா வாரேன், வேகமா வாரேன்."

வெளக்கப் போட்டுட்டேன், தாயி. இந்தா எரியுது பாரு. வண்டி குறுக்க திரும்புது. மெதுவா. மெது