ஒடியாம்போவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு

பாலவனத்தம்,
புதன்கிழமை.

அன்பு மகன் சாம்ராஜுக்கு அப்பா தாவீதுராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், வெள்ளாடு குட்டி போட்டு அதுவும் சுகம், நைரோபியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போன் வந்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மிச்ச நேரத்தில் என் கைக்கு வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைக்காதே.

இங்கே மழை பேருக்குத்தான் பெய்தது. கம்பு பரவாயில்லை, மல்லி பாதி கருகிவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டுவலி, அருப்புக்கோட்டை டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் உட்கார்ந்துகொண்டே நடப்பதைப் பற்றிப் பேசுகிறாள். எனக்கு வலியெல்லாம் நீ போனில் கேட்ட அந்தக் கேள்விதான். லீவு நாளில் நீ டிரம்ஸ் அடிக்கப் போகிற பாட்டுக்காரர் ஒடியாம்போ அடுத்த இரண்டு வருஷம் நாடு நாடாகக் கச்சேரிக்குப் போகிறார், டிரம்ஸுக்கு உன்னையே கூப்பிடுகிறார், கம்பெனிக் கணக்கு வேலையை விட வேண்டும், அப்பா சரி என்றால்தான் ஒப்புக்கொள்வேன் என்றாய். கணக்கு எழுதப் போன பிள்ளை கொட்டு அடிக்கப் போகிறேன் என்றால் எந்த அப்பன் உடனே சரி என்பான்? ஆனால் வேலை போகிறதே என்று எனக்கு வருத்தமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனுஷனைப் பற்றி நீ அனுப்பிய வீடியோவெல்லாம் பார்த்தேன், அனுப்பாததையும் தேடிப் பார்த்தேன். கிசுமு ஏரிக்கரையில் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவராம். நம்மைப்போலக் கோயில் பாடகர் குழுவில் பாடியிருக்கிறார், சடை வளர்த்தார் என்று அங்கிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள், நைரோபிக்கு வந்து பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே சாயங்காலம் ஹோட்டலில் ரெக்கே என்கிற ஜமைக்காப் பாட்டுப் பாடியிருக்கிறார். முதலில் போட்ட பாட்டுகளைச் சீந்துவார் இல்லை. ஆளில்லாத ஹாலில் நாற்காலிகளைப் பார்த்து வருஷக்கணக்காகப் பாடினேன் என்று அவரே சொல்கிறார். பிறகு குடத்தோடு தண்ணீருக்கு நிற்கிற பெண்களைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார், அதோடு ஆளே வேறு. கம்பாலாவில் கூட்டம், தாருஸ்ஸலாமில் கூட்டம், இப்போது ஜெர்மனிக்காரனும் கூப்பிடுகிறான். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதைப் பற்றிப் பாட ஏரிக்கரைக்காரருக்கு என்ன வந்தது? அது நான் பாட வேண்டிய பாட்டு. நரிக்குடியில் இருந்து மல்லாங்கிணறு வரைக்கும் எந்தக் கோயில் கன்வென்ஷனுக்கும் தாவீதுராஜைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள், ஆனால் எனக்கு ஜெர்மனி இல்லை. எனக்குப் பொறாமைதான் சாம்ராஜ், வேறு பேர் வைத்துச் சொல்லத் தெரியவில்லை. எழுத்தில் அவர் என்று எழுதுகிறேன், மனதுக்குள் அவன் என்றுதான் வருகிறது.

அவர் குரல் நல்ல குரல், அதை மறுத்தால் நான் பாடகனே இல்லை. நீ அடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையை வெறுமையாக விட்டுவிடுகிறாய். அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உனக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே அந்த முதல் அடியைத்தான், அது கேட்டால்தான் சபை ஒன்றாக வாய் திறக்கும் என்று. கேட்டால், ரெக்கே அப்படித்தான் அப்பா, முதல் அடியை விட்டால்தான் பாட்டு மிதக்கும் என்கிறாய். மிதக்கட்டும். இன்னொன்று பார்த்தேன், அதுதான் தூங்க விடவில்லை. ஒவ்வொரு பாட்டையும் எடுக்கும் முன் அவர் திரும்பி உன் முகத்தைப் பார்க்கிறார், நீ தலையசைத்த பிறகுதான் வாய் திறக்கிறார். அப்படித் திரும்பிப் பார்க்கிறவன் நான் அல்லவா?

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கோயில் நிறைய கம்பும் மிளகாயும் கோழியும் பூசணியும் வந்து குவிந்தன. முதல் பாட்டு என்னுடையது. எடுக்கும் முன் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன், உன் டிரம்ஸ் ஸ்டூலில் ஒரு பெரிய பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. இடம் பத்தவில்லை என்று யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த வேகத்தில் சுருதியை எங்கேயோ மேலே எடுத்துவிட்டேன், இரண்டாவது அடியிலேயே பெண்கள் பக்கம் சத்தம் நின்றுபோனது. போதகர் ஐயர் ஜெபப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் உன் அம்மா, "ஏங்க, இம்புட்டு மேல எடுத்தா நாங்க எப்பிடி ஏறி வாரது? பிள்ளை இல்லாட்டிப் பாடவும் மறந்துபோச்சா?" என்று கேட்டாள். மறக்கவில்லை என்றேன். பிள்ளை இல்லை என்பதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

அதோடு விட்டதா. முதல் கச்சேரி முடிந்ததும் ஒடியாம்போ கொடுத்தார் என்று அவர் முகம் போட்ட சட்டையை லீவில் வந்த உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பி, இதுதான் என் முதற்பலன், கோயில் ஏலத்தில் வைக்கச் சொல்லுங்கள் என்றாய். முதல் காய், முதல் குட்டி, முதல் சம்பளம் வைப்பார்கள், சடைவிட்டவர் சட்டையை வைத்தவன் நீ ஒருவன்தான். முதற்பலனை வீட்டில் மறைக்கக்கூடாது, ஆகவே கோயிலுக்குக் கொண்டுபோய் மல்லி மூட்டைக்குக் கீழே வைத்தேன். ஏலம் விடுகிற உதயகுமார் அதையும் தோண்டி எடுத்து, நம்ம சாம்ராஜ் ஆப்பிரிக்காவில் இருந்து அனுப்பியது என்று தூக்கிக் காட்டினான். உடனே சவுண்டு சர்வீஸ் ஜெயபாண்டி கேட்டான், கடையில் மாட்டி வைக்கிறானாம். என் பிள்ளையின் முதற்பலன் அவன் கடை ஸ்பீக்கருக்கு மேலே தொங்குவதா என்று நான் ஏற்றிக் கேட்டேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை, கடைசியில் ஆட்டுக்குட்டிக்குப் போனதைவிட அதிகம் கொடுத்து, எனக்குப் பிடிக்காத முகத்தை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து முட்டுவலியே மறந்துவிட்டது. அவள் ஆடு கட்டப் போனபோது போட்டுப் பார்த்தேன், தோள் சரியாக இருக்கிறது.

இப்போது பதில். போ. ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் பாடியவர் உன் அருமை தெரிந்துதான் திரும்பிப் பார்க்கிறார். இல்லை என்று சொல்லி உன்னை இங்கே கூப்பிட்டு உட்காரவைத்தால் நீ கணக்குத்தான் எழுதுவாய், எனக்காக அடிக்க மாட்டாய். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அது என்னோடு நன்றாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறது.

ஊர் ஊராகப் போகும்போது தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை எந்த நாட்டில் இருந்தாலும் கோயிலுக்குப் போ. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. அம்மா முத்தம் சொல்கிறாள். டிசம்பர் கேரலுக்கு மட்டும் லீவு கேட்டு வந்துவிடு, ஸ்டூலில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிறேன், பூசணிக்காயையும்தான். அவருக்கு அடிக்கும்போது முதல் அடியை விட்டுக்கொள். நான் திரும்பிப் பார்க்கும்போது விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தாவீதுராஜ்