லேசருக்குப் போகாத பல்

அன்பு மகள் வாலுக்குட்டிக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, முகம் வாடாமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பல்லைத் தவிர எல்லாம் சுகம் என்று போன வாரம் சொல்லியிருப்பேன், இப்போது பல்லும் சுகம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் மாடி வீட்டுத் தபால்காரர். ஊரார் கடிதத்தையெல்லாம் சுமந்தேன், ஒன்றையும் பிரித்துப் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் ஒரு கடிதத்துக்குள் என்ன இருக்கும் என்று தெரிகிறது என்கிறார். தேவையில்லாததை விட்டுவிடவா என்று நடுநடுவே கேட்கிறார். ஒன்றையும் விடாதீர் ஐயா, அவள் போனில் பல்லை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாள், மற்றதைச் சொல்ல வழியில்லாமல்தானே உம்மைக் கூப்பிட்டேன் என்றேன்.

முதலில் கோபப்படாதே. நீ சொல்லி வைத்திருந்த லேசர் டாக்டரிடம் நான் போகவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை மாடியில் இருக்கிற டாக்டரம்மாவிடமே ரூட் கெனால் முடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்பாய். முதல் நாள் வலி தாங்காமல்தான் அங்கே ஏறினேன், லேசரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் துணி கட்டி, மேலே துளைபோட்டு, வேருக்குள் கிருமி சாக வேண்டும் என்று ஒரு மருந்தைச் சிறு ஊசியால் விட்டார் பார், அம்மாடி, அந்த வாசனை வந்தது. ப்ளீச்சிங். உன் அம்மா வாசனை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்த கை அல்லவா, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. நான் அதே ஆஸ்பத்திரியில் சாமான் லிப்ட் ஓட்டிய காலத்தில் கீழ்த்தளத்தில் கதவைத் திறக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், வெளியே தள்ளுவண்டியோடு நிற்பது அவள்தான் என்று. அவள் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடிப்பேன். "ரொம்பத்தான் மணக்குறீங்களோ நீங்க, கிரீஸ் டப்பா" என்பாள். அப்படித்தான் எங்கள் கல்யாணம் ஆரம்பித்தது, உனக்குத் தெரியும்.

அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி அழுதுவிட்டேன். அவள் போன அன்றைக்கும் அழவில்லை, வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலை இருந்தது. பாதி முகம் மரத்துக் கிடந்தது, மீதிப் பாதியால் அழுதேன். டாக்டரம்மா பயந்துபோய் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். வலி இல்லை என்று சொல்ல வாயும் இல்லை, கையைத்தான் ஆட்டினேன், அதையும் வலி என்றே எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு விஷயத்தைச் சொன்னேன். "வாசனை கஷ்டமா இருந்தா வேற மருந்து இருக்குங்கய்யா, இப்படி மணக்காது. கிருமியைக் கொல்லும், ஆனா உள்ள அழுகின சதையைக் கரைக்காது" என்றார். இதுவே இருக்கட்டும் அம்மா என்றேன். உன் லேசரையும் கேட்டேன். "அது கெட்டதில்லைங்கய்யா. ஆனா லேசர் வெச்சாலும் இந்த மருந்து விட்டுத்தான் ஆகணும். உங்க வேருக்கு மருந்தை விட்டு, அதிர்ற கருவியால உள்ளேயே கலக்கி விட்டா மூலை முடுக்குக்கெல்லாம் போயிடும், நடுவுல ஒரு வாரம் பசை மருந்து வெச்சு மூடலாம்" என்றார்.

அவர் சொன்னபோது, அம்மா இருந்தபோது நீ பேசிய போன்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பிடுங்கின பல்லையெல்லாம் பிரித்து வைத்து, ஒரு கூட்டத்துக்கு மருந்து மட்டும், ஒன்றுக்கு மருந்தோடு அதிர்வு, ஒன்றுக்கு லேசர், ஒன்றுக்குப் பசை, எதில் கிருமி அதிகம் சாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்று நீ சொன்னாய். உன் அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஊத்தி வெச்சா மட்டும் போதுமாடி, அலச வேணாமா?" என்றாள். நீ சிரித்து, உனக்கு ஒரு டாக்டர் பட்டம் வாங்கித் தருகிறேன் என்றாய். "பட்டம் வேணாம், பத்து நாள் லீவு வாங்கிட்டு வா" என்றாள். ஆராய்ச்சி முடியட்டும் அம்மா என்றாய். அதை நான் குத்திக் காட்டுவதற்குச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித் திடீரென்று ஆகும் என்று உனக்கு மட்டுமா, பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லையே. விமானம் கிடைக்காதது உன் குற்றமா? ஆனால் அதற்குப் பிறகும் ஆராய்ச்சி முடியட்டும் என்றே சொல்கிறாய். அவள் பேச்சை எடுத்தால் பல் எப்படி என்கிறாய். நீ அழுதாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பல்லுக்குள் சீழ் கட்டினால் வெளியே கன்னம் வீங்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். உன்னை எங்கே பார்ப்பேன்?

கடைசித் தடவை போனபோது உள்ளே காய்ந்து சுத்தமாக இருக்கிறது, இன்றைக்கு அடைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு தரம் கழுவுங்களேன் என்று கேட்டேன், சின்னப் பிள்ளை போல. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தரம் விட்டார். பிறகு, "போதுங்கய்யா, தெறந்தே வெச்சா மறுபடி கிருமி ஏறிடும்" என்று சொல்லி அடைத்துவிட்டார். படியிறங்கி வந்தேன். பஸ் நிலையத்தில் டீசல் வாசனைதான் இருந்தது.

தபால்காரர் இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைக்கிறார், தூசி என்கிறார், இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவளுடைய வேலைக் கோட்டு அப்படியே தொங்குகிறது. வாசனை போய்விடும் என்று நான் துவைக்கவில்லை. துவைக்காமலே போய்விட்டது, இப்போது ஈர வாடைதான் அடிக்கிறது. நேற்று வாளியில் தண்ணீர் பிடித்து, அவள் வைத்துவிட்டுப் போன ப்ளீச்சிங் புட்டியைத் திறந்தேன். அளவு தெரியவில்லை. அதிகமாகிவிட்டால் கோட்டுப் பைக்கு மேலே அவள் போட்ட நீல நூல் தையல் வெளுத்துப்போகும். நீ முதல் முதலாக ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று கண்ணெல்லாம் வாசலில் வைத்துக்கொண்டு என் நீலச் சட்டையில் கொட்டிப் புள்ளிப்புள்ளியாக ஆக்கினாளே, அவ்வளவு கை பழகியவளுக்கே தவறியது, எனக்கு எம்மாத்திரம். புட்டியைத் திரும்பவும் மூடிவிட்டு, தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எத்தனை தண்ணீருக்கு எத்தனை மருந்து என்பது உனக்குத்தானே தெரியும். நீ வந்து ஊற்று, நான் அலசுகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எனக்கு லேசர் பார்த்து வைத்தாயே, உன் கடைவாய்ப் பல்லை யாரிடமாவது காட்டினாயா? நீ எடுத்த வேலை நல்லபடி முடியட்டும், உன் கை பட்டவர்களுக்கெல்லாம் நோவு தீரட்டும், நீ நெடுங்காலம் நிறைந்து வாழ வேண்டும். மறக்காதே, வாளி கவிழ்த்துத்தான் இருக்கிறது.

இப்படிக்கு, உன் வரவையே எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா, கிரீஸ் டப்பா
(பெருவிரல் ரேகை)